மயிற்கொன்றையின் மறு பாதி வரலாறு



மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் வீட்டு முற்றங்களிலும் பூங்காக்களிலும் ஆண்டு முழுவதும் பூத்து நிற்கும் செடிகளுள் ஒன்று மயிற்கொன்றை. அன்றாடம் கண்ணிற்படுவதாலேயே நாம் உற்று நோக்காமல் கடந்துவிடுகிறோம். அதன் பெயர்களுக்குப் பின்னே முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு ஒன்று உண்டு. அதில் ஒரு பாதி உலகறியச் சொல்லப்பட்டது. மறு பாதியை அடிமைப் பெண்கள் சொன்னார்கள். கேட்டு எழுதியவர் மிகச் சிலர்.

முதலில் செடியை அறிவோம். மயிற்கொன்றை, அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த முட்புதர்ச் செடி. ஏறத்தாழ மூன்று மீட்டர் உயரம் வளரும். கிளைகளில் ஆங்காங்கே கூரிய முட்கள் இருக்கும். இலைகள் புளிய இலை போன்ற சிறு இலைகளால் ஆன இரட்டைச் சிறகுக் கூட்டிலைகள். பூங்கொத்தில் அடிப்பூக்கள் முதலில் மலர, நுனியில் மொட்டுகள் காத்திருக்கும். ஒவ்வொரு பூவிலும் ஐந்து இதழ்கள். அவற்றுள் ஒன்று மட்டும் சிறியது. சிவப்பும் மஞ்சளும் கலந்த அவ்விதழ்களுக்கு வெளியே பத்து மகரந்தத் தாள்கள் நீண்டு வளைந்து நிற்கும். தேனுண்ண வரும் வண்ணத்துப்பூச்சியின் சிறகுகள் அத்தாள்களில் உராய, மகரந்தம் சிறகிலேயே ஒட்டிக்கொண்டு அடுத்த பூவுக்குச் செல்கிறது. காய் தட்டையானது, முற்றி உலர்ந்ததும் வெடித்து விதைகளைச் சிதறும்.

பெயரில் 'கொன்றை' இருப்பதால் இதனைச் சங்க இலக்கியக் கொன்றை என மயங்குதல் கூடாது. முல்லை நிலத்துக் கொன்றை நம் சரக்கொன்றை மரமாகும். மயிற்கொன்றையின் தாயகம் மெக்சிக்கோவும் குவாத்தமாலாவும் எனத் தாவரவியலாளர் கருதுகின்றனர். ஐரோப்பியக் கப்பல்கள் அமெரிக்காவை அடைந்த பின்னரே இஃது உலகெங்கும் பரவியது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடு தொகுத்த 'ஹோர்த்துசு மலபாரிக்குசு' நூலின் ஆறாம் தொகுதியில், 1686ஆம் ஆண்டிலேயே, 'செட்டிமந்தாரம்' என்னும் மலையாளப் பெயருடன் இச்செடி இடம்பெற்றுவிட்டது. சென்ற இடமெல்லாம் மக்கள் இதில் மயிலைக் கண்டார்கள். தமிழில் மயிற்கொன்றை, இந்தோனேசியாவில் 'கெம்பாங் மேராக்', அதாவது மயிற்பூ, இலத்தீனில் 'ஃபுளோசு பவோனிசு', அதற்கும் அதே பொருள்.

இனி மறு பாதிக்கு வருவோம். 1699ஆம் ஆண்டு மரியா சிபில்லா மெரியன் என்னும் ஓவியர், தம் ஐம்பத்திரண்டாம் அகவையில், இளைய மகளுடன் ஆம்சுடர்டாமிலிருந்து தென்னமெரிக்காவின் சுரிநாமுக்குக் கப்பலேறினார். பூச்சிகள் முட்டை, புழு, கூடு என உருமாறுவதை அவை உண்ணும் செடிகளோடு சேர்த்து வரைவதே அவர் நோக்கம். சுரிநாம் அப்போது டச்சுக்காரரின் கரும்புத் தோட்ட நாடு. ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட அடிமைகளும் அம்மண்ணின் பழங்குடியினரும் அங்கே வதைபட்டனர். நோயுற்ற மெரியன் 1701இல் திரும்பினார். 1705இல் தம் பெருநூலை வெளியிட்டார்.

அந்நூலில் மயிற்கொன்றைக்கு ஒரு படம் உண்டு. செடியும் புழுவும் அந்துப்பூச்சியும் அழகுற வரையப்பட்ட அப்படத்துக்குரிய குறிப்பு, அழகைப் பற்றியதன்று. டச்சு எசமானர்களிடம் கொடுமைக்குள்ளான பழங்குடிப் பெண்கள், தம் பிள்ளைகளும் அடிமைகளாகக் கூடாதென்று, இச்செடியின் விதையைக் கொண்டு கருவைக் கலைத்துக்கொள்கிறார்கள் என்று அவர் எழுதினார். ஆப்பிரிக்க அடிமைப் பெண்களும் தம்மை நல்லவிதமாக நடத்தாவிடில் பிள்ளை பெற மறுப்பர் என்றும், இறந்தால் சொந்த நாட்டில் விடுதலையோடு பிறப்போம் என நம்பி உயிரை மாய்த்துக்கொள்வோர் உண்டு என்றும், இவற்றை அப்பெண்களே தம்மிடம் சொன்னார்கள் என்றும் பதிவு செய்தார். மெரியனும் அடிமைகளின் உழைப்பைப் பயன்படுத்தியவரே. ஆயினும் கேட்டதை மறைக்காமல் எழுதினார்.

இங்கு நாம் கருத வேண்டியது ஒன்றுண்டு. அடிமைப் பெண்ணின் பிள்ளை எசமானனின் உடைமை என்பது அக்காலச் சட்டம். படையோ ஆயுதமோ இல்லாத பெண்ணுக்கு வேலியோர முட்செடி ஒன்றின் விதையே எதிர்ப்பின் கருவியாயிற்று. தாய்மையை வெறுத்ததால் அன்று, பிள்ளையை விலைப்பொருளாக்க மனமில்லாததால் அவள் அதைச் செய்தாள். (விதைகள் நஞ்சுடையவை, இதை மருத்துவக் குறிப்பாக எவரும் கொள்ளற்க.)

இச்செய்தி என்னவாயிற்று? செடி ஐரோப்பியத் தோட்டங்களை அடைந்தது. செய்தியோ மருத்துவ நூல்களில் நிலைபெறவில்லை. இலண்டன் மருத்துவர் ஹான்சு சுலோன் தம் ஜமைக்கா நூலில் இதே ஆற்றலைக் குறிப்பிட்டிருந்தும் இந்நிலை மாறவில்லை. அறியாமையும் சில வேளைகளில் மனிதரால் உருவாக்கப்படுவதே என்பதற்கு இதனைச் சான்றாகக் காட்டுகிறார் வரலாற்றறிஞர் லோண்டா சீபிங்கர், 2004இல் வெளிவந்த தம் நூலில்.

பெயரிலும் இதையே காண்கிறோம். பிரெஞ்சுத் தாவரவியலாளர் தூர்னஃபோர், கரீபியத் தீவுகளின் பிரெஞ்சு ஆளுநராயிருந்த புவான்சி என்பவரின் நினைவாக இச்செடிக்குப் 'புவான்சியானா' எனப் பெயரிட்டார். அந்த ஆளுநரின் மாளிகையே அடிமைகளின் உழைப்பால் நின்றது. 1753இல் லின்னேயசு 'மிக அழகியது' எனப் பொருள்படும் 'புல்கெரிமா' என்னும் சொல்லைச் சேர்த்தார். 1791இல் சுவார்ட்சு இதனைச் சிசால்பினியா பேரினத்துக்கு மாற்றினார். அப்பெயர் இத்தாலிய அறிஞர் செசால்பினோவைக் குறிப்பது. ஆளுநரும் அறிஞரும் பெயரில் இடம்பெற்றனர். விதையின் ஆற்றலை அறிந்த பெண்களுள் ஒருவர் பெயரும் எஞ்சவில்லை.

ஆயினும் ஒரு மாற்றம் நிகழ்ந்தது. அடிமைகளின் வழித்தோன்றல்கள் பெரும்பான்மையாக வாழும் பார்படோசு 1966இல் விடுதலை பெற்றபோது, அதன் அரசுச் சின்னத்தில் இம்மலர் இடம்பெற்றது. 'பார்படோசின் பெருமை' என்னும் பெயரோடு இன்றும் அதுவே அந்நாட்டின் தேசிய மலர். ஒரு காலத்தில் தோட்ட முதலாளிகளின் வேலியில் நின்ற செடி, இன்று விடுதலை பெற்ற மக்களின் சின்னத்தில் நிற்கிறது.

அடிமை முறை ஒழிந்த பின், ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் நம்முள் பலர். பால்மரக் காட்டு லயங்களில் பிரசவம் பார்த்த, பச்சிலை அரைத்த நம் பாட்டிமார் அறிந்திருந்தவற்றுள் எவ்வளவு ஏட்டில் ஏறியுள்ளது? மெரியன் சுரிநாமில் செய்தது பெரிய செயலன்று; கேட்டார், எழுதிவைத்தார். அவ்வளவே. நம் மாணவரும் தம் வீட்டு முதியவர்களிடம் அதனைச் செய்யலாம். அவர்களுள் பலர் இன்னும் நம்மோடு இருக்கும்போதே செய்வது நன்று.