குருதி வரலாறு 9: எல்லைக்கு முந்தைய ரத்தம்

1665இல் ஆக்ஸ்ஃபோர்டில் ரிச்சர்ட் லோயர் ஒரு நாயின் ரத்தத்தை இன்னொரு நாய்க்கு ஏற்றியதைச் சென்ற வாரம் பார்த்தோம். இந்த வாரம் நம் மேற்கு மலைக்கு வருவோம்.

1952இல் ஆய்வாளர்கள் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் அரிவாள் செல் கூறு இருப்பதை அறிவித்தார்கள். ஆப்பிரிக்க வழியினரின் நோய் என்றே அதுவரை பெரிதும் கருதப்பட்டது. இந்நோயில் சிவப்பணு அரிவாளாய் வளைந்து நுண்குழாய்களை அடைக்கும். எலும்புக்குள் வலி உயிரை எடுக்கும். தாய், தந்தை இருவருமே கூறைச் சுமந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர நாலில் ஒரு வாய்ப்பு. ஒரு கூறு மட்டும் உள்ளவரைக் கடும் மலேரியாவிலிருந்து அது காப்பதால்தான், காட்டோர மக்களிடம் தலைமுறைகளாக நிலைத்தது.

அன்று நீலகிரியும் அதை அடுத்துள்ள அட்டப்பாடி மலைப்பகுதியும் ஒரே சென்னை மாநிலத்தில் இருந்தன. 1956இல் கேரளம் பிறந்ததும் அட்டப்பாடி பாலக்காட்டோடு போனது. எல்லையிலுள்ள ஆனைகட்டிக்கு இந்தப் பக்கமும் இருளர், அந்தப் பக்கமும் இருளர். கோடு போட்டவர்கள் ரத்தத்தைக் கேட்டுப் போடவில்லை.

கோட்டத்தறை அரசுப் பழங்குடியினர் மருத்துவமனைதான் இன்று அட்டப்பாடிக்குப் பெரிய துணை. அதற்கு மேல் சிகிச்சை தேவையென்றால் மலையிறங்க வேண்டும். அரிவாள் செல் நோயில் ரத்தசோகை முற்றியவருக்கு ரத்தம் ஏற்றுவார்கள். ஏ, பி, ஓவும் ஆர்எச்சும் பொருந்தினால் போதாதா? ஒருமுறைக்குப் பெரும்பாலும் போதும். மறுபடி மறுபடி ஏற்றினால் கெல், டஃபி போன்ற சிறு வகைகளுக்கும் உடல் எதிர்ப்புப் பொருளை உண்டாக்கிவிடும். பிறகு பொருந்தும் ரத்தம் கிடைப்பதே அரிதாகும். அந்த டஃபி வகையை 1950இல் வெளியிட்ட மூவரில் ஒருவர் இதே மேரி கட்புஷ்!

நாய்களுக்கும் இதே சிக்கல் உண்டு. உண்ணிக் காய்ச்சலில் ரத்தம் வற்றிய நாய்க்கு முதல்முறை ஏற்றுவது பெரும்பாலும் ஒத்துப்போகும்; டிஇஏ 1 வகை பொருந்தாவிட்டால் இரண்டாம் முறை ஆபத்து. பூனைக்கோ முதல் தடவையே உயிருக்கு ஆபத்தாகலாம். பி வகைப் பூனைக்கு ஏ ரத்தம் ஆகவே ஆகாது.

மீண்டும் மலைக்கு வருவோம். அரிவாள் செல் நோயுள்ள அட்டப்பாடிப் பிள்ளைக்குச் சிறு வகைகள் வரை பொருந்தும் கொடையாளர் சொந்த ஊர்களிலேயே கிடைக்க வாய்ப்பு அதிகம். ஆனால் அவர்களே அரிவாள் கூறைச் சுமப்பவர்களாக இருந்தால் அந்த ரத்தத்தை இந்தப் பிள்ளைக்குத் தரக்கூடாது. ஆகவே பரிசோதனை முதலில், ரத்ததான முகாம் பிறகு. ஆனைகட்டிக்கு இரு பக்கமும் ஒரே கொடையாளர் பட்டியலோடு இவை நடக்க வேண்டும்.