ஓர் உறுதி, மூன்று பிரதி

கல்முனைக் கரையில் வீடு பெரும்பாலும் பெண்ணின் பெயரில் இருக்கும். மருதமுனை, சாய்ந்தமருது, அக்கரைப்பற்று என்று இந்த முஸ்லிம் ஊர்களில் மகளுக்குக் கல்யாணம் பேசும்போதே வீட்டையும் பேசிவிடுவார்கள். வாப்பாவும் உம்மாவும் சீதன உறுதி முடித்துக் கொடுப்பார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டில் வந்து குடியேறுவார். அவளுடைய உரிமை ஒரு தாளில் நிற்கிறது. ஆகவே அந்தத் தாளுக்குப் பிரதி எங்கே இருக்கிறது என்பது இங்கே சின்ன விஷயம் அல்ல.

காணிக் கைமாற்றம் எழுத்தில், நொத்தாரிசு முன்பாக, இரண்டு சாட்சிகளோடு நடக்க வேண்டும் என்று விதித்தது 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம். எழுதிய உறுதியைப் பாதுகாக்கும் முறையை வகுத்தது 1907ஆம் ஆண்டின் நொத்தாரிசுக் கட்டளைச் சட்டம். நொத்தாரிசின் மேசையில் ஒரே வாசகம் மூன்று கட்டுத் தாள்களில் இருக்கும். கொடுப்பவர் கையெழுத்திட, சாட்சிகள் கையெழுத்திட, கடைசியில் நொத்தாரிசு ஒப்பமிடுவார். மூலப்பிரதி வீட்டு அலுமாரிக்குப் போகும். ஒன்று நொத்தாரிசின் கோவையில் தங்கும். இரண்டாம் பிரதி அடுத்த மாதம் 15ஆம் திகதிக்குள் காணிப் பதிவகத்துக்குச் சேர வேண்டும். மூன்று பிரதி, மூன்று இடம்: இடத்தைப் பிரித்ததுதான் இந்தச் சட்டத்தின் பெரிய புத்தி. பிறப்பு, இறப்புப் பதிவேடுகளின் இரண்டாம் பிரதியும் இப்படியே கொழும்புக்குப் போனது.

2004 டிசம்பர் 26 காலையில் கடல் ஊருக்குள் வந்தது. இலங்கையில் மிக அதிகமான உயிர்களை இழந்தது இந்த ஊர்கள் இருக்கும் அம்பாறை மாவட்டம். இறந்தவர்கள் 10,000 பேருக்கு மேல். அலுமாரியோடு உறுதியும் போனது. உறுதியை இழந்த குடும்பத்துக்கு மிஞ்சியிருந்த ஆதாரம், வேறிடத்தில் கிடந்த பிரதிதான்.

கம்ப்யூட்டரிலும் இதே எண்ணம் வேரூன்றியது. டாண்டம் நிறுவனம் 1976இல் வெளியிட்ட இயந்திரம், எழுதுவதை எல்லாம் இரண்டு டிஸ்க்குகளில் ஒரே நேரத்தில் எழுதியது. 1988இல் பெர்க்லி ஆய்வாளர்கள் மூவர் இதற்கு ரெய்ட் 1 என்று பெயரிட்டார்கள். ஓடிக்கொண்டிருக்கும் அலுவலக சர்வரின் பூட் டிஸ்க்குக்கும் இதைச் செய்யலாம். லினக்ஸில் புதிய டிஸ்க்கைப் பழையதைப் போலவே பிரித்து, ஒரு பாதி இன்னும் வராத ஜோடியாக அதை அமைத்து, சிஸ்டத்தை அதற்குள் பிரதி செய்து, ஒருமுறை அதிலிருந்து ஸ்டார்ட் செய்து பார்ப்பார்கள். பிறகு பழைய டிஸ்க்கை மற்றப் பாதியாகச் சேர்த்தால், இரண்டும் ஒன்றாகும்வரை சில மணி நேரம் ஓடும். பலர் தவறவிடுவது ஒன்று உண்டு: பூட்லோடரை இரண்டு டிஸ்க்கிலும் பதிக்க வேண்டும். இல்லாவிட்டால் முதல் டிஸ்க் பழுதாகும் நாளில், தரவு பத்திரமாக இருந்தும் இயந்திரம் எழும்பாது.

ஒரு டிஸ்க் செத்தாலும் அலுவலகம் அன்று மூடாது. அது பெரிய உதவி. ஆனால் தவறுதலாக அழித்த பதிவு இரண்டிலும் அழியும். வெள்ளம் வந்தால் ஒரே பெட்டிக்குள் இருக்கும் இரண்டும் நனையும். 1907ஆம் ஆண்டுச் சட்டம் கேட்டது இன்னொரு பிரதியை மட்டுமல்ல, இன்னொரு கூரையையும். கரையோர அலுவலகங்கள் டிஸ்க்கை இரட்டிப்பதோடு நிற்காமல், ஒரு பிரதியைக் கடலுக்கு எட்டாத ஊரிலும் வைக்க வேண்டும்.