பயணப் பையில் ஒரு ரூட்டர்: டேட்டா பிளான்களின் 30 ஆண்டுக் கதை



பள்ளி விடுமுறை நெருங்கினால் நம் வளாகத்தில் பாதி வீடுகளில் பெட்டி கட்டும் வேலை தொடங்கிவிடும். காசி, ஸ்ரீநகர், மணாலி, பிள்ளைகள் இருக்கும் அமெரிக்கா என்று ஆளுக்கொரு திசை. முன்பெல்லாம் பெட்டியில் மருந்தும் ஊறுகாயும்தான் முதலில் ஏறும். இப்போது கூடவே ஒரு சின்ன ரூட்டரும் ஏறுகிறது. ஒரு சிம்மைப் போட்டால் குடும்பத்தார் எல்லோருக்கும் வைஃபை தரும் பாக்கெட் ரூட்டரைத்தான் சொல்கிறேன். விடுதி அறையில் இருந்தபடி அலுவலக வேலை பார்ப்பவர், வீடியோவில் மருத்துவரிடம் பேசும் பெரியவர், தேர்வுக்குப் படிக்கும் பிள்ளை ஆகிய எல்லோரும் அதை நம்பித்தான் கிளம்புகிறார்கள்.

அதற்கு எந்த டேட்டா பிளான் எடுப்பது என்பதில்தான் குழப்பம். 28 நாள் வேலிடிட்டி, தினம் இத்தனை ஜிபி, அன்லிமிடெட், ரோமிங் என்று கடைக்காரர் அடுக்கிக்கொண்டே போவார். இந்தச் சொற்கள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. அந்தக் கதை தெரிந்தால், பணம் கட்டுமுன் என்ன கேட்க வேண்டும் என்பது உங்களுக்கே புரிந்துவிடும்.

வட்டம் வட்டமாகப் பிரிந்த நாடு

இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு, டெல்லியில் இருந்த மத்தியத் தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அப்போது பேசுபவருக்கு மட்டுமல்ல, அழைப்பை எடுப்பவருக்கும் நிமிடக் கணக்கில் கட்டணம் உண்டு. அந்த இன்கமிங் கட்டணம் ஒழிந்தது 2003 மே மாதத்தில்தான்.

அன்று உரிமம் நாடு முழுமைக்கும் தரப்படவில்லை. பெருநகரங்கள் தனியாகவும் மாநிலங்கள் தனியாகவும் பிரிக்கப்பட்டன. இவற்றைத்தான் சர்க்கிள், அதாவது வட்டம் என்கிறோம். தொடக்கத்தில் சென்னை ஒரு வட்டம், மீதித் தமிழ்நாடு வேறொரு வட்டம். சென்னை எண்ணுடன் மதுரைக்குப் போனாலே வெளியூர்க்காரர் ஆகிவிடுவோம். ஒருவரது வட்டத்தைத் தாண்டினால் வேறு நிறுவனத்தின் கோபுரத்தைக் கடன் வாங்க வேண்டும். அந்தக் கடனுக்கான வாடகைதான் ரோமிங் கட்டணம்.

2010இல் 3ஜி அலைக்கற்றை ஏலம் நடந்தபோதும் இதே வட்டக் கணக்குதான். அரசுக்கு சுமார் 67,700 கோடி ரூபாய் கிடைத்தது. ஆனால் 22 வட்டங்களையும் எந்தத் தனியார் நிறுவனமும் வெல்லவில்லை. ஏர்டெல் 13 வட்டங்களிலும் ஐடியா 11 வட்டங்களிலும் வோடஃபோன் 9 வட்டங்களிலும் வென்றன. மூன்றும் தங்களுக்குள் ஒப்பந்தம் போட்டு, இல்லாத இடத்தில் ஒன்றின் 3ஜியை மற்றொன்று விற்றன. அது செல்லாது என்றது அரசு. வழக்கு நடந்து, 2014 ஏப்ரலில் தொலைத்தொடர்புத் தீர்ப்பாயம் நிறுவனங்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.

இது முடிந்துபோன கதை என்று நினைக்க வேண்டாம். ரோமிங் கட்டணம் உள்நாட்டில் போய்விட்டது. 2016இல் ஜியோ அதை வாங்காமலே களத்தில் இறங்கியது. 2017 ஏப்ரல் முதல் ஏர்டெல்லும் கைவிட்டது. ஆனால் அலைக்கற்றை இன்றும் வட்டவாரியாகத்தான் ஏலம் போகிறது. அதனால் ஒரே நிறுவனம் ஒரு மாநிலத்தில் பலமாகவும் அடுத்த மாநிலத்தில் மெலிந்தும் இருக்கும். நம் குடியிருப்பில் நன்றாக எடுக்கும் சிம், நீங்கள் போகும் மலையூரில் எடுக்காமல் போகலாம். எந்தெந்த இடத்தில் எந்தச் சேவை கிடைக்கும் என்ற வரைபடத்தை நிறுவனங்கள் தங்கள் இணையதளத்தில் வெளியிட வேண்டும் என்று டிராய் 2024 விதிமுறைகளில் சொல்லியிருக்கிறது. பிளானின் விலையைப் பார்க்குமுன் அந்த வரைபடத்தில் உங்கள் ஊரைத் தேடிப் பாருங்கள்.

டாங்கிளிலிருந்து ரூட்டருக்கு

செல்பேசியில் இணையம் வந்த புதிதில், பேக் எதுவும் போடாதவருக்கு 10 கேபிக்கு 10 பைசா என்பது வழக்கமான கட்டணம். இன்றைய கணக்கில் பார்த்தால் 1 ஜிபிக்குப் பத்தாயிரம் ரூபாய்க்கு மேல்! 2010 வாக்கில் ஃபோட்டான், நெட்கனெக்ட் என்ற பெயர்களில் வந்த டாங்கிள்கள் நம்மில் பலருக்கு நினைவிருக்கும். மடிக்கணினியின் யுஎஸ்பியில் செருகினால் அந்த ஒரு கணினிக்கு மட்டும் இணையம் கிடைக்கும்.

2009இல் அமெரிக்காவில் நோவாடெல் வயர்லெஸ் நிறுவனம் மைஃபை என்ற கையடக்க ரூட்டரைக் கொண்டுவந்தது. ஒரே சிறு பெட்டியிலிருந்து ஐந்து சாதனங்களுக்கு இணைப்பு. அதற்கான மாத பிளானில் சுமார் 60 டாலருக்கு 5 ஜிபிதான் கிடைத்தது. நம் நாட்டில் 2012 ஏப்ரலில் ஏர்டெல் கொல்கத்தாவில் முதல் 4ஜி சேவையைத் தொடங்கியபோது, அதுவும் டாங்கிள், ரூட்டர் வழியாகத்தான் வந்தது. செல்பேசிகளுக்கு 4ஜி பிறகுதான் கிடைத்தது. ஆக, பயண ரூட்டர் என்பது செல்பேசிக்குப் பின்னால் வந்த உபரிப் பொருள் அல்ல. 4ஜி நம் நாட்டுக்குள் நுழைந்த வழிகளில் அதுவும் ஒன்று.

2016 செப்டம்பர் 5 அன்று ஜியோ வந்ததும் விலை சரிந்தது. மாதத்துக்கு 1 ஜிபி வாங்கிச் சிக்கனமாகச் செலவழித்த நாம், தினம் 1 ஜிபி, 1.5 ஜிபி என்ற கணக்குக்குப் பழகினோம். இந்தத் தினக் கணக்கு ஒரு செல்பேசியை மனதில் வைத்துப் போடப்பட்டது. ரூட்டரோ நான்கு பேருக்குப் பங்கிடுகிறது. ஒருவர் ஹெச்டி தரத்தில் படம் பார்த்தால் மணிக்கு 3 ஜிபி வரை போய்விடும். இரவு ரயிலில் பிள்ளைகள் படம் பார்த்து அன்றைய டேட்டாவைத் தீர்த்துவிட்டால், வேகம் 64 கேபிபிஎஸ் என்ற அளவுக்கு இறங்கும். அந்த வேகத்தில் 1 ஜிபி இறங்க சுமார் 35 மணி நேரம் ஆகும். மருத்துவருடன் வீடியோவில் பேசுவதை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆகவே ரூட்டருக்குத் தினக் கணக்கை விட, மொத்தமாக இத்தனை ஜிபி என்று தரும் பிளான் பெரும்பாலும் பொருந்தும். ஒரு நாள் அதிகம் செலவானாலும் மறுநாள் குறைத்துச் சரிக்கட்டலாம். ஆனால் 'டேட்டா வவுச்சர்' என்று விற்கும் பல பேக்குகள், ஏற்கெனவே ஓர் அடிப்படை பிளான் ஓடிக்கொண்டிருந்தால்தான் வேலை செய்யும். இதைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

28 நாள் மாதமும் காணாமல் போகும் எஸ்எம்எஸ்ஸும்

மாதம் என்று சொல்லி 28 நாள் தருவது ஏன் என்று கேட்காதவர் இல்லை. 28 நாள் வீதம் ஓராண்டுக்கு 12 முறை போதாது, 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். புகார்கள் குவிந்த பிறகு, 30 நாள் வேலிடிட்டி உள்ள பிளான்களும், மாதந்தோறும் அதே தேதியில் புதுப்பிக்கும் பிளான்களும் ஒவ்வொன்றாவது கட்டாயம் இருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. கடையில் அவற்றை முதலில் காட்டமாட்டார்கள். நாம்தான் கேட்க வேண்டும். நான்கு வாரத்துக்கு மேல் நீளும் பயணத்துக்கு இது உதவும். பத்து நாள் பயணத்துக்கு 28 நாளே அதிகம்.

பில் அதிர்ச்சி இன்னொரு பழைய தொல்லை. 2015இல் டிராய் கொண்டுவந்த விதிப்படி, நம் சம்மதம் இல்லாமல் டேட்டாவை இயக்கக் கூடாது. அதை இயக்கவும் நிறுத்தவும் 1925 என்ற எண் வந்தது. டேட்டா 50%, 90%, 100% தீரும்போது எஸ்எம்எஸ் அனுப்ப வேண்டும் என்றும் விதித்தார்கள். நல்ல பாதுகாப்புதான். ஆனால் சிம் ரூட்டருக்குள் இருந்தால் அந்த எஸ்எம்எஸ் ரூட்டருக்குத்தான் போகும். ரூட்டரின் அமைப்புப் பக்கத்தைத் திறந்து பார்த்தால் ஒழிய யாரும் படிக்கமாட்டோம். அதனால் கிளம்புமுன் நிறுவனத்தின் செயலியில் அந்த எண்ணைச் சேர்த்து, மீதி டேட்டா உங்கள் செல்பேசியில் தெரிகிறதா என்று பாருங்கள். அதற்கான ஓடிபியும் ரூட்டருக்கே போகும் என்பதால், சிம்மை முதலில் செல்பேசியில் போட்டுப் பதிவை முடித்துவிடுவது நல்லது.

ஊர் திரும்பியதும் சிம்மோடு ரூட்டரை அலமாரியில் வைத்துவிடுகிறோம். 90 நாள் பயன்பாடு இல்லாவிட்டால் எண்ணைத் துண்டிக்கலாம், பிரீபெய்டு கணக்கில் 20 ரூபாயாவது இருந்தால் துண்டிக்கக் கூடாது என்பது 2013இல் வந்த விதி.

எல்லை தாண்டினால்

நாட்டுக்குள்ளேயே ஓர் எல்லை இருக்கிறது. ஜம்மு காஷ்மீரில் செல்பேசி சேவையே 2003இல்தான் வந்தது. பாதுகாப்புக் காரணங்களால் வெளிமாநில பிரீபெய்டு சிம்கள் அங்கே வேலை செய்வதில்லை. போஸ்ட்பெய்டு வேலை செய்யும். ஸ்ரீநகர் போகிறவர்கள் ரூட்டருக்குப் போஸ்ட்பெய்டு சிம் வைத்துக்கொள்ளாவிட்டால், வாங்கிய ரீசார்ஜ் அத்தனையும் வீண்.

ஐரோப்பிய ஒன்றியம் ரோமிங் கட்டணத்தோடு பத்தாண்டு போராடியது. 2007இல் அழைப்புகளுக்கு உச்சவரம்பு விதித்தார்கள். 2010இல், டேட்டா பில் 50 யூரோவைத் தொட்டால் இணைப்பை நிறுத்தும் ஏற்பாடு வந்தது. 2017 ஜூன் 15 முதல் உறுப்பு நாடுகளுக்குள் தனி ரோமிங் கட்டணம் இல்லை. எனவே பாரிசில் வாங்கிய சிம் ரோமிலும் உள்ளூர் விலையில் ஓடும், நியாயமான அளவு வரை. ஆனால் சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை, பிரிட்டன் வெளியேறிவிட்டது. சுற்றுலாத் திட்டத்தில் இந்த இரண்டும் இருந்தால் பிளானில் அவற்றின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

அமெரிக்காவில் 'அன்லிமிடெட்' என்ற சொல்லுக்கே ஒரு வழக்கு உண்டு. வரம்பில்லை என்று விற்றுவிட்டு வேகத்தைக் குறைத்ததாக ஏடி அண்ட் டி மீது அந்நாட்டு வர்த்தக ஆணையம் 2014இல் வழக்குத் தொடர்ந்தது. 2019இல் 6 கோடி டாலருக்குச் சமரசம் ஆனது. ஹாட்ஸ்பாட்டுக்குத் தனிக் கட்டணம் கேட்ட வெரைசன், அதைத் தவிர்க்க உதவும் செயலிகளைத் தடுத்தது தொடர்பான விசாரணையில் 2012இல் 12.5 லட்சம் டாலர் கட்டியது. அங்கே செல்பேசிக்கு அன்லிமிடெட் என்று சொல்லும் பிளானிலும் ஹாட்ஸ்பாட் டேட்டாவுக்குத் தனி வரம்பு இருப்பது சகஜம். ரூட்டரில் போடப் போகிறேன் என்று சொல்லியே பிளான் கேளுங்கள்.

ரூட்டரையும் பார்க்க வேண்டும். நம் நாட்டு 4ஜி அலைவரிசைகளும் அமெரிக்காவின் அலைவரிசைகளும் முழுக்க ஒத்துப்போவதில்லை. அங்குள்ள பெரிய நிறுவனங்கள் 2022இல் 3ஜியை மூடிவிட்டதால் பழைய 3ஜி ரூட்டர் அங்கே வெறும் டப்பா. பேசும் நிறுவனமே விற்ற ரூட்டர் அதன் சிம்முக்கு மட்டும் பூட்டப்பட்டிருக்கலாம். இப்போது பிரபலமான இசிம் செல்பேசிக்கு வசதி, ஆனால் பெரும்பாலான பாக்கெட் ரூட்டர்கள் இன்னும் சாதாரண சிம்மைத்தான் கேட்கின்றன.

கிளம்புமுன் ஐந்து கேள்விகள்

1. போகும் ஊரில் எந்த நிறுவனத்தின் சேவை பலம்?
2. டேட்டா தினக் கணக்கா, மொத்தக் கணக்கா? தீர்ந்த பிறகு வேகம் என்ன?
3. வேலிடிட்டி பயணத்தின் கடைசி நாள் வரை வருமா?
4. ரூட்டரில், ஹாட்ஸ்பாட்டில் பயன்படுத்த வரம்பு உண்டா?
5. என் ரூட்டர் பூட்டப்படாததா, அந்த ஊர் அலைவரிசையில் ஓடுமா?

இன்கமிங் கட்டணம் போனது, ரோமிங் போனது, 30 நாள் பிளான் வந்தது. இவை யாவும் நம்மைப் போன்ற பயனாளர்கள் கேள்வி கேட்ட பிறகு வந்தவை. கடையில் நின்று இன்னும் இரண்டு நிமிடம் கேட்பதில் தவறில்லை. பயணம் முடித்து வந்ததும், எந்த ஊரில் எந்த சிம் கைகொடுத்தது என்று நம் வளாகத்தாருக்கும் சொல்லுங்கள். அடுத்து அங்கே போகிறவருக்கு உதவும்.

பயணம் இனிதாகட்டும்.