குரலுக்கு ஒரு காவல்

நிலத்திற்குப் பட்டா உண்டு. நகைக்கு நிறை உண்டு. வீட்டிற்குப் பத்திரம் உண்டு. ஆனால், ஒருவர் வாசித்து வைத்துவிட்டுப் போன இசைக் கருவியைப் பெறுகின்ற அடுத்தவருக்கு எத்தகைய உரிமை வந்து சேர்கிறது என்பதை எந்த ஆவணமும் கூறுவதில்லை. அவரை அதன் உடைமையாளர் என்று அழைப்பதினும் அதன் காவலர் என்று அழைப்பதே பொருந்தும். ஏனெனில், அவர் பெற்றது மரமும் உலோகமும் மட்டுமன்று. அவற்றுள் உறங்கும் ஒரு குரலையும் சேர்த்தே அவர் பெறுகிறார். அந்தக் குரலை அவர் எவ்வாறு காப்பது? ஹவாயன் கித்தார் எனவும் ஸ்டீல் கித்தார் எனவும் வழங்கும் கருவியையும், அதனோடு இணைபிரியாது நின்ற பழைய வால்வு ஆம்பிளிபயரையும் சான்றாகக் கொண்டு இவ்வினாவை ஆராய்வது பயனுடையதாகும்.

ஸ்டீல் கித்தார் மார்போடு அணைத்து வாசிக்கப்படுவதன்று. மடிமீது கிடத்தி வாசிக்கப்படுவது. இடக்கை விரல்கள் தந்தியை மெட்டின்மேல் அழுத்துவதில்லை. வழவழப்பான ஓர் எஃகுத் துண்டு தந்திகளின்மேல் வழுக்கிச் செல்கிறது. அதனால் ஒரு சுவரத்திலிருந்து மற்றொரு சுவரத்திற்குத் தாவாமல், இடையிலுள்ள நுண்ணிய ஒலிகள் அனைத்தையும் தொட்டுக்கொண்டே செல்ல முடிகிறது. மனிதக் குரலின் குழைவு இதற்கு வாய்த்தது இவ்வாறே.

இம்முறையை வகுத்தவர் என்று பெரும்பாலோர் ஏற்பது ஹவாய்த் தீவுகளைச் சேர்ந்த ஜோசப் கெகூகூ என்பவரை. 1874-இல் ஓவாஹூ தீவின் லாயியே என்னும் ஊரில் பிறந்த அவர், பள்ளிச் சிறுவனாக இருந்த காலத்தில், ஏறத்தாழ 1889-இல், ரயில் பாதையோரம் கிடந்த போல்ட்டு ஒன்றை எடுத்துத் தந்தியின்மீது உராய்த்துப் பார்த்ததிலிருந்து இக்கலை தோன்றியது என்று வழிவழியாகச் சொல்வார்கள். அவருக்குச் சில ஆண்டுகள் முன்னரே கேப்ரியல் டேவியன் என்னும் இந்தியர் ஒருவர் ஹவாயில் இவ்வாறு தந்தியை உராய்த்து வாசித்தார் என்று கூறும் வேறொரு குறிப்பும் உண்டு. இரண்டில் எது முந்தியது என்னும் வழக்கு இன்னும் தீர்ந்தபாடில்லை. 1904-இல் கெகூகூ அமெரிக்கப் பெருநிலத்திற்குச் சென்றார். 1915-இல் சான்பிரான்சிஸ்கோ நகரில் நடந்த உலகப் பொருட்காட்சி, ஹவாய் இசையை அமெரிக்க மக்கள் அனைவருடைய செவிக்கும் கொண்டு சேர்த்தது.

ஆனால் ஒரு குறை இருந்தது. நடனக் குழுக்களின் தாரைகளுக்கும் முரசுகளுக்கும் நடுவே இம்மெல்லிய கருவியின் ஒலி அமுங்கிப்போயிற்று. அக்குறையைத் தீர்க்க முனைந்தவர் ஜார்ஜ் போஷாம் என்னும் இசைவாணர். 1931-இல் அவர் ஓர் உத்தியைக் கண்டார். குதிரை லாட வடிவான இரு காந்தங்களுக்கு நடுவே, தலைமயிரினும் மெல்லிய செம்புக் கம்பியைப் பல்லாயிரம் சுற்றுகள் சுற்றி வைத்தார். எஃகுத் தந்தி அதிரும்போது அக்கம்பிச் சுருளில் நுண்ணிய மின்னோட்டம் பிறந்தது. அதை வால்வுகள் பெருக்கின, ஒலிபெருக்கி ஒலியாக்கியது. அடோல்ப் ரிக்கன்பேக்கர் என்பவருடன் சேர்ந்து 1932-இல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த அலுமினியக் கித்தாருக்கு, அதன் உருவம் நோக்கி 'வாணலி' என்றே பெயர் வழங்கிற்று. காப்புரிமை 1937-இல் கிடைத்தது. வணிகமுறையில் வெற்றி கண்ட முதல் மின்கித்தார் இந்த ஸ்டீல் கித்தாரே.

இங்கே ஒன்றை மனத்தில் கொள்ளவேண்டும். பழைய வீணைக்குக் குடமே ஒலிப்பேழை. மின்கித்தாருக்கோ அந்தப் பேழை வேறோர் இடத்தில் உள்ளது. அதுதான் ஆம்பிளிபயர். தந்தியில் பிறக்கும் குரல் வால்வுகளில் கனிந்து, காகிதக் கூம்பில் வெளிப்படுகிறது. ஆகவே, கித்தாரை மட்டும் காத்து ஆம்பிளிபயரைப் பழைய இரும்புக்குப் போடுகிறவர், வீணையின் தண்டியை வைத்துக்கொண்டு குடத்தை விறகாக்கியவர் ஆகிறார்.

இக்கருவி நம் நாட்டிற்கு வந்த வழியும் சுவையானது. சமோவாத் தீவில் 1908-இல் பிறந்து ஹவாயில் வளர்ந்த டாவ் மோ என்னும் கலைஞர், தம் குடும்பத்தாருடன் பல நாடுகளில் இசை நிகழ்த்தி வந்தார். 1940-களில் அவர் கல்கத்தாவில் தங்கியிருந்தார். அங்கே கார்னி நிஸ் முதலியோர் அவரிடம் பயின்றனர். வங்காளத்து வீடுகளில் ஹவாயன் கித்தார் பரவிற்று. வான் ஷிப்லி, சுனில் கங்கூலி போன்றோர் திரைப்பாடல்களை இதில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுக்கள் நாடெங்கும் விற்றன. ஜோத்பூரைச் சேர்ந்த பிரிஜ் பூஷண் காப்ரா, ஸ்டீல் கித்தாரை ராக இசைக்கே உரிய கருவியாக உயர்த்தினார். அவருக்குப் பின் வந்த விசுவ மோகன் பட், தாம் மாற்றியமைத்த கருவிக்கு மோகன வீணை என்று பெயரிட்டு, 1994-இல் அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் கிராமி விருதைப் பகிர்ந்துகொண்டார்.

வானொலிக்கும் இக்கதையில் பங்குண்டு. சென்னை நிலையம் 1938 ஜூன் 16-ஆம் நாள் தன் பணியைத் தொடங்கிற்று. இரண்டாண்டுகளுக்குள், 1940-இல், அகில இந்திய வானொலி ஆர்மோனியத்திற்குத் தடை விதித்தது. அதன் சுவரங்கள் கட்டையில் கட்டுண்டு நிற்பவை. கமகத்திற்கு இடந்தராதவை என்பது அன்று கூறப்பட்ட காரணங்களுள் ஒன்று. அந்த அளவுகோலால் அளந்தால் ஸ்டீல் கித்தார் நேர்மாறானது. கமகமே அதன் இயல்பு. ஆயினும் அது நம்மவர் செவியை எட்டியது பெரும்பாலும் மெல்லிசை வழியாகவே. 1957 அக்டோபர் 3-ஆம் நாள் தொடங்கிய விவித பாரதியும், கடலுக்கப்பாலிருந்து வந்த இலங்கை வானொலியும், திரையிசையை வீடுதோறும் கொண்டு சேர்த்தன. அப்பாடல்களின் இடையிசையில் ஸ்டீல் கித்தார் இழைந்து வந்தது. பெயர் தெரியாமலே மக்கள் அதன் குரலை அறிந்துகொண்டனர்.

தமிழ்நாட்டார் செவிக்கு அக்குரல் அந்நியமாகப் படாததற்கு வேறொரு காரணமும் உண்டு. நம்மிடம் கோட்டுவாத்தியம் இருந்தது. மெட்டில்லாத தண்டியின்மேல், மரத்தாலான உருளைத் துண்டொன்றை வழுக்கவிட்டு வாசிப்பது அது. ஷட்ஜமும் பஞ்சமமுமாகச் சேர்த்த தந்திகள் மேலே. உடனொலித்து நாதத்தை நீட்டும் மெல்லிய தந்திகள் கீழே. இன்று வழக்கிலுள்ள அமைப்பில் மொத்தம் 21 தந்திகள். சித்திர வீணை என்னும் பழம்பெயராலும் அதை இன்று அழைக்கிறார்கள். திருவிடைமருதூர் சகாராம ராவ் அக்கருவியைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தினார். செம்மங்குடி சீனிவாச ஐயர் இளமையில் அவரிடம் பாடம் கேட்டவர். பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள் அதைக் கலாக்ஷேத்திரம் வரையில் கொண்டுவந்தார். மைசூர் அரண்மனை வித்துவானாக விளங்கி 1959-இல் மறைந்த நாராயண ஐயங்காருக்குப் பின், அவருடைய மகனும் பேரனும் அக்கலையைக் கையேற்றனர்.

இவ்வரலாறு நமக்குக் கற்பிப்பது யாது? கோட்டுவாத்தியம் எந்தக் காலத்திலும் ஆயிரம் பேர் வாசித்த கருவியன்று. ஒரு தலைமுறையில் கைவிட்டெண்ணத்தக்க சிலரே அதைத் தாங்கினர். அது பிழைத்ததற்குப் பெட்டியும் பூட்டும் காரணமல்ல. ஒருவர் கையிலிருந்து அடுத்தவர் கைக்குக் கருவியோடு வாசிக்கும் முறையும் மாறி வந்தமையே காரணம். ஸ்டீல் கித்தாருக்கும் இதே விதிதான்.

இனி, சென்னையின் மேற்குப் புறநகர்ப் பக்கம் பார்வையைத் திருப்புவோம். அங்கே பெருந்தொழில்கள் வேரூன்றிய காலமும், ஸ்டீல் கித்தாரின் குரல் வானொலியில் ஓங்கிய காலமும் ஏறக்குறைய ஒன்றே. அம்பத்தூரில் 1949-இல் மிதிவண்டித் தொழிற்சாலை எழுந்தது. 1955-இல் ஆவடியில் காங்கிரசு மாநாடு கூடிற்று. 1964-இல் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை உருவாயிற்று. 1965-இல் ஆவடித் தொழிற்சாலையிலிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது. சென்னை வானொலியின் உயர்சக்தி ஒலிபரப்பிகளும் ஆவடியிலேயே நிறுவப்பட்டன. பூந்தமல்லிச் சாலையின் இருமருங்கும் வீடுகள் பெருகின. வேலை தேடிவந்தோர் தம் பெட்டி படுக்கைகளோடு வானொலிப் பெட்டியையும் கொண்டுவந்தனர்; இசையில் நாட்டமுள்ளோர் கருவிகளையும் கொண்டுவந்திருப்பர். அந்தத் தலைமுறை இப்போது மறைந்து வருகிறது. பழைய வீடு இடிந்து அடுக்குமாடி எழும்போது, பரணிலிருக்கும் நீண்ட பெட்டி என்ன ஆகும்? பெரும்பாலும் எடைக்குப் போகும். உள்ளேயிருக்கும் செம்புக்கும் இரும்புக்கும் ஒரு விலை கிடைக்கும். குரலுக்கு விலை போடுவார் இல்லை.

அத்தகைய பெட்டி ஒருவர் கைக்கு வந்து சேர்கிறது என்று கொள்வோம். அவர் முதலில் செய்யவேண்டுவது யாது? ஆர்வத்தால் உடனே மின்சாரத்தில் இணைத்துப் பார்க்கக் கூடாது என்பதே முதற்பாடம். வால்வு ஆம்பிளிபயருக்குள் 300, 400 வோல்ட்டு அழுத்தம் இயங்கும். மின்சாரத்தை நிறுத்திய பின்னும் அதன் கண்டென்சர்கள் மின்னேற்றத்தைத் தம்முள் தேக்கி வைத்திருக்கும். பல ஆண்டுகள் உறங்கிய கண்டென்சர், திடீரென முழு அழுத்தத்தைப் பெற்றால் வெடிப்பதும் உண்டு. அமெரிக்காவில் செய்த பெட்டியாயின் அது சுமார் 117 வோல்ட்டுக்கு உரியது. நம் வீட்டு மின்சாரமோ 230 வோல்ட்டு. இடையில் அழுத்தத்தைக் குறைக்கும் டிரான்ஸ்பார்மர் இன்றியமையாதது. மேலும், அக்காலத்துப் பெட்டிகள் பலவற்றில் நில இணைப்புக் கிடையாது. உள்ளே காப்பு பழுதுபட்டிருந்தால் மின்சாரம் இரும்புச் சட்டத்திற்கும், அங்கிருந்து கம்பி வழியே தந்திக்கும் ஏறக்கூடும். தந்தியைத் தொடுவது வாசிப்பவருடைய விரல் அல்லவா?

இங்கேதான் காவலருக்கு முதற் சோதனை வருகிறது. பழைய பொருளைப் பழையபடியே வைத்திருப்பது முறையா, பழுது பார்த்து வாசிப்பது முறையா? மூன்று முனைச் செருகியைப் பொருத்தி நில இணைப்புத் தந்தால், அந்தப் பெட்டி தொழிற்சாலையிலிருந்து வந்தபடி இராது. சேகரிப்போர் சிலர் முகஞ்சுளிக்கலாம். ஆயினும் உயிரினும் உயர்ந்த பழமை இல்லை. காவலர் பழுது பார்க்கட்டும். பார்த்ததை எழுதி வைக்கட்டும். கழற்றிய உறுப்பை எறிந்துவிடாமல் ஓர் உறையிலிட்டு, நாள் குறித்துப் பெட்டியோடு வைக்கட்டும். பின்வருபவர் எது பழையது, எது புதியது என்று பிரித்தறிய அது உதவும். அது செய்யப்படாவிடின் பழுதுபார்ப்பும் ஒருவகை அழிவேயாகும்.

இதற்கு வேண்டிய கைத்திறன் தொலைவில் இல்லை. மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகள் நிறைந்த வட்டாரம் அது. எரிந்துபோன டிரான்ஸ்பார்மரைச் சுற்றித்தர வல்லவர், கித்தாரின் பிக்கப்பையும் சுற்றித்தர வல்லவரே. ஆனால் அவரிடம் ஒப்படைக்கும் முன், சுற்றுகளின் எண்ணிக்கை, கம்பியின் பருமன், சுற்றிய திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். சுற்றுகள் கூடினாலும் குறைந்தாலும் குரல் மாறும். வால்வுகளைப் பொறுத்தவரை, பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1960-களில் அவற்றைத் தயாரித்தது, அக்காலம் போயிற்று. உதவும் வால்வு கிடைக்கும்போதே ஒன்றிரண்டை வாங்கி வைப்பது அறிவுடைமை.

வானிலையும் ஒரு பகையே. அலுமினிய 'வாணலி' மேடை விளக்கின் வெப்பத்தில் விரிந்து சுருதி கலைந்தமையால், 1935-இல் பேக்கலைட்டால் உடல் செய்யத் தொடங்கினர். மேடை விளக்கிற்கே கலைந்தது, நம் சித்திரை வெயிலுக்குக் கலையாமலிருக்குமா? ஐப்பசி, கார்த்திகை ஈரத்திலோ செம்புக் கம்பி பச்சை பூத்து அறும். எஃகுத் தந்தி துருவேறும். ஒலிபெருக்கியின் காகிதக் கூம்பு நமுத்துப்போகும். ஏரிகள் சூழ்ந்த தாழ்நிலம் அது. 2015 டிசம்பர் வெள்ளம், தரையில் பொருள் வைப்பது தகாது என்பதைச் சென்னை மக்களுக்கு நன்றாகவே உணர்த்தியது. உயரமான அலமாரியும், உலர்ந்த பருத்தித் துணியும், மாதம் ஒருமுறை காற்றாடும் வாய்ப்பும் கருவிக்கு வேண்டும்.

எல்லாவற்றினும் மேலாக, அது ஒலிக்கவேண்டும். ஒலிக்காத வால்வு ஆம்பிளிபயர் உள்ளுக்குள் நலிகிறது. ஓரளவு இயங்கிக் கொண்டிருப்பதே அதன் கண்டென்சருக்கு மருந்து. கருவி நன்னிலையில் உள்ளது என்பதற்கு வாசிப்பே சான்று. காவலர் தேர்ந்த கலைஞராக இருக்கவேண்டும் என்பதில்லை. தந்திகளை ஷட்ஜம், காந்தாரம், பஞ்சமம் என்று ஹவாய் முறையில் சுருதி சேர்க்கவும், எஃகுத் துண்டை நேராகப் பிடிக்கவும், ஒரு பாட்டைப் பிழையின்றி வாசிக்கவும் கற்றுக்கொண்டால் போதும். அண்டை வீட்டுப் பிள்ளை ஒருவன் அருகில் வந்து நின்று கேட்பானாயின், அவன் கையில் அத்துண்டைக் கொடுத்துப் பார்க்கலாம்.

பெட்டியின் மூடிக்குள் ஒரு தாளை ஒட்டிவைப்பது நல்ல வழக்கம். வாசித்தவர் பெயர், அவர் சேர்த்த சுருதி, மாற்றிய உறுப்புக்கள், மாற்றிய நாள் ஆகிய நான்கு செய்திகள் அதில் இருக்கட்டும். அதன் கீழே சில வரிகளுக்கு வெற்றிடம் விடுவதும் அவசியம். அது அடுத்த காவலர் எழுதவேண்டிய இடம்.