‘ஐயர்’: பட்டம் குடும்பப் பெயரான கதை

மாதுங்காவிலும் செம்பூரிலும் பிறந்து வளர்ந்த நம் குழந்தைகளுக்கு ‘ஐயர்’ என்பது குடும்பப் பெயர். மராட்டிய வழக்கில் தன் பெயர், தகப்பனார் பெயர், ‘ஆட்நாவ்’ என்று மூன்று உண்டு. ஊர்ப் பெயரையும் தகப்பனார் பெயரையும் முதலெழுத்தாக வைத்துக்கொண்டு வந்த நம்மவர்களில் பலர், மூன்றாவது இடத்தில் ஐயர் என்று எழுதினார்கள்.

ஆனால் ‘ஐயன்’ என்பதன் மரியாதைப் பன்மையே ஐயர். அது ஆளுக்குரிய பட்டம், குடும்பத்துக்கு அல்ல. 1885 டிசம்பர் 28-ல் பம்பாய் கோகுல்தாஸ் தேஜ்பால் சம்ஸ்கிருதக் கல்லூரியில் கூடிய முதல் காங்கிரஸில் முதல் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர், ‘ஹிந்து’ பத்திரிகையை 1878-ல் தொடங்கியவர்களில் ஒருவரான ஜி. சுப்ரமணிய ஐயர். அவருடைய தகப்பனாரோ கணபதி தீட்சிதர்! இன்றைய பாஸ்போர்ட் ஆபீஸில் இதை எப்படி விளக்குவது? ஜாதிக்கு மட்டும் உரியது என்றும் சொல்ல முடியாது. திருக்குறளை 1886-ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பாதிரியார் ஜி.யு. போப்பை, தமிழர்கள் ‘போப்பையர்’ என்றே அழைத்தார்கள்.

பெண்கள் விஷயம் இன்னும் வேடிக்கை. நம் பாட்டிமார் பெயருக்குப் பின்னால் ‘அம்மாள்’தான் வரும், ஒரு பெண்ணை ஐயர் என்றால் அக்ரஹாரமே சிரித்திருக்கும். மும்பையிலோ அப்பாவின் பட்டம் பெண்ணுக்கு வருகிறது. கணவரும் ஐயராகிவிட்டால் கல்யாணத்துக்குப் பிறகும் மாறுவதில்லை.

தமிழ்நாட்டில் 1929-ல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு ஜாதிப் பட்டங்களை விடச் சொல்லித் தீர்மானம் போட்டது. பிறகு அங்கே பட்டங்கள் மெல்ல உதிர்ந்தன. ஒரே தாத்தாவின் பேரன்களில் சென்னைக்காரன் வெறும் முதலெழுத்தோடும் செம்பூர்க்காரன் ஐயராகவும் இருப்பது இப்படித்தான்.