அண்டர்ன்: இடம் பெயர்ந்த ஒரு பொழுது

வழக்கொழிந்துபோன 'அண்டர்ன்' என்னும் ஆங்கிலச் சொல் தொடக்கத்தில் முற்பகலைக் குறித்தது. பகலைப் பன்னிரண்டாகப் பகுத்த உரோமர் வழக்கில் மூன்றாம் மணி எனப்பட்ட, இன்றைய கணக்கில் காலை 9 மணியை ஒட்டிய அப்பொழுதுக்குரிய துறவுமடத் தொழுகையைப் பழைய ஆங்கிலத்தார் 'அண்டர்ன்சாங்' என்றனர். அந்த மணியோ இன்றைய 60 நிமிட மணி அன்று. பகல் நீண்டால் தானும் நீண்டு, குறுகினால் தானும் குறுகுவது.

யார்க்‌ஷயரின் கிர்க்டேல் தேவாலயத் தெற்கு வாசலுக்கு மேலே, 1055க்கும் 1065க்கும் இடையில் பதிக்கப்பட்ட கல் சூரியக்கடிகாரம் இன்றும் உள்ளது. இடிந்து கிடந்த கோயிலை ஆர்ம் என்பவர் வாங்கிப் புதுக்கிய செய்தியைப் பழைய ஆங்கிலத்தில் தாங்கும் அக்கல்லில் பகல் எட்டுக் கூறுகளாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது. உதயத்துக்கும் உச்சிக்கும் நடுவே விழும் கோடுதான் அண்டர்னுக்குரிய இடம்.

அந்த 'நடுவே' என்பதில்தான் சொல்லின் பிறப்பும் இருக்கிறது. 'அண்டர்' என்ற வேருக்குக் 'கீழ்' என்பதோடு 'இடையில்' என்ற பொருளும் உண்டு என்பதால், அண்டர்னை 'இடைப்பொழுது' என்றே சொல்லாய்வாளர் பலர் விளக்குவர். எவ்விரண்டுக்கு இடையில் என்பதைச் சொல் தன்னுள் வைத்திருக்கவில்லை; ஆகவே அது ஓரிடத்தில் நிற்காததில் வியப்பில்லை. பழைய நார்ஸ் மொழியின் 'வொலுஸ்பா' பாடல் பகற்பொழுதுகளை வரிசைப்படுத்துகையில் இதன் உறவுச்சொல்லை நண்பகலுக்கும் மாலைக்கும் நடுவே வைக்கிறது. இங்கிலாந்திலும் அது பின்னர் நண்பகலையும், அதன்பின் பிற்பகலையும் குறிக்கலாயிற்று. 14ஆம் நூற்றாண்டில் ஆங்கிலக் கவிஞர் சாசர் கையாண்ட இச்சொல், மணியடிக்கும் இயந்திரக் கடிகாரங்கள் பரவிய பிறகு எழுத்துநடையிலிருந்து மெல்ல மறைந்தது.

இதற்கு நேரெதிராக நகர்ந்தது 'நூன்'. 'ஒன்பதாம் மணி' எனப் பொருள்படும் இலத்தீன் 'நோனா'விலிருந்து வந்து, பிற்பகல் 3 மணியளவைக் குறித்த அச்சொல், நோன்பு நாள்களில் அப்பொழுதுக்குரிய தொழுகை முடிந்த பின்னரே உண்ணவேண்டும் என்றிருந்ததால், தொழுகையும் உணவும் முன்னே இழுக்கப்பட இழுக்கப்பட, நண்பகலுக்கு வந்து நின்றுவிட்டது என்பர். இதில் துறவிகளின் பசிக்கும் பங்குண்டு போலும்.

அண்டர்னுக்கும் உணவோடு பழைய உறவு உண்டு. 4ஆம் நூற்றாண்டின் கோதிக் விவிலியத்தில் பகலுணவுக்கு வழங்கிய சொல்லின் முற்பகுதி இதன் இனச்சொல்லே. வட இங்கிலாந்தின் வட்டார வழக்கிலோ, பொழுதைச் சுட்டுவது மறைந்த பின்னும், வயலில் உழைப்போர் பிற்பகலில் உண்ணும் சிற்றுணவின் பெயராக 'ஆர்ன்டார்ன்ஸ்' போன்ற திரிந்த வடிவங்களில் அது நெடுநாள் புழங்கியது.