‘தமிழ்’ என்ற பெயரே செல்லாது என்றால்? வலமிருந்து இடமாக எழுதும் இணைய முகவரிகளின் சிக்கல்

கொச்சி மட்டாஞ்சேரியில், 1568-இல் கட்டப்பட்ட பரதேசி ஜெப ஆலயத்தின் மணிக்கூண்டில் ஒரு முகப்பு எபிரேய எழுத்தில் மணி காட்டுகிறது. லட்சத்தீவின் மினிக்காய்க்குக் கப்பல் கிளம்புவதும் இதே கொச்சியில் இருந்துதான். அங்கே பேசும் மஹல், மாலத்தீவின் திவேஹி மொழியின் ஒரு வடிவம். அதை எழுதுவது ‘தானா’ எழுத்தில்.

எபிரேயம், தானா இரண்டுமே வலமிருந்து இடமாகப் போகும். இவற்றில் இணைய முகவரி வைக்கலாமா? வைக்கலாம். ஆனால் திவேஹிக்கு 2010 வரை விதியே குறுக்கே நின்றது.

திரையில் என்ன குழப்பம்?

.இந்தியா என்று முடியும் முகவரியை நீங்கள் தட்டினால், உள்ளே அது ஆங்கில எழுத்து, எண், சிறுகோடு மட்டும் கொண்ட ‘ப்யூனிகோட்’ வடிவத்துக்கு மாறுகிறது. வலமிருந்து எழுதும் மொழிகளுக்கும் அதேதான். தட்டிய வரிசை நினைவகத்தில் அப்படியே இருக்கும். திரையில் காட்டும்போதுதான் திசை மாறும்.

சிக்கல் அங்கேதான். முகவரியில் வரும் புள்ளிக்குச் சொந்தத் திசை கிடையாது. பக்கத்து எழுத்தைப் பின்பற்றும். முதல் பகுதி ஆங்கிலம், அடுத்த இரண்டும் எபிரேயம் என்றால், திரையில் 1, 3, 2 என்ற வரிசையில் தெரியலாம். எண்ணில் தொடங்கும் பகுதி, பக்கத்துப் பகுதியோடு ஒட்டிக்கொள்ளலாம். எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்றே தெரியாமல் போனால், மோசடிக்காரர்களுக்குக் கொண்டாட்டம்.

பழைய விதி யாரை வெளியே தள்ளியது?

இதைத் தடுக்க 2003-இல் வந்த விதி ரொம்ப எளிது: வலமிருந்து எழுதும் பெயர், அந்தத் திசை எழுத்திலேயே தொடங்கி, அதிலேயே முடிய வேண்டும். எபிரேயம், அரபிக்கு இது பெரும்பாலும் ஒத்துப்போனது.

தானாவில் ஒவ்வொரு மெய்க்கும் மேலேயோ கீழேயோ ஒரு உயிர்க்குறி வரும். உயிர் இல்லையென்றால், நம் புள்ளி மாதிரி ‘சுகுன்’ வரும். ஆக, சொல் எதுவானாலும் கடைசியில் ஒரு குறி. கணினிக் கணக்கில் குறிக்குத் திசை கிடையாது. விளைவு? ஏறக்குறைய எந்த திவேஹி சொல்லும் செல்லாது! தமிழுக்கு இதே விதி இருந்திருந்தால் ‘தமிழ்’ என்ற பெயரையே பதிய முடியாது; .சிங்கப்பூர் என்ற பின்னொட்டும் கிடைத்திருக்காது.

எப்படிச் சரியானது?

2010 ஆகஸ்டில் வெளியான ஆர்எஃப்சி 5893 விதியைத் திருத்தியது. கடைசி எழுத்துக்குப் பின் குறி வரலாம். பெயர் எண்ணிலும் முடியலாம். ஆனால் எண்ணில் தொடங்கக் கூடாது. நாம் எழுதும் 1, 2, 3-ஐயும் அரபி எண்களையும் ஒரே பகுதியில் கலக்கக் கூடாது.

நமக்கு என்ன?

இது வெளியூர் விஷயம் இல்லை. உருது, காஷ்மீரி, சிந்தி மொழிகளுக்கு இந்தியாவுக்கே அரபு எழுத்தில் பின்னொட்டுகள் உண்டு.

நீங்கள் மென்பொருள் எழுதுபவரா? மூன்று விஷயம்:

- ஆங்கில எழுத்தை மட்டும் ஏற்கும் சோதனையை முகவரிப் பெட்டியில் வைக்காதீர்கள்.
- விதிகளை நீங்களே எழுதாமல், 2008 தரத்தைப் பின்பற்றும் நூலகத்தைப் பயன்படுத்துங்கள்.
- வாக்கியத்துக்குள் முகவரி வந்தால், அதன் திசையைத் தனியாகப் பிரித்துக் காட்டுங்கள்.

சோதிக்கும்போது குறியில் முடியும் ஒரு திவேஹி பெயரையும் போட்டுப் பாருங்கள். பழைய விதி உங்கள் நிரலில் இன்னும் ஒளிந்திருந்தால், அங்கேயே மாட்டும்.